மைதானத்தை விற்ற கிளப்புக்குப் புது மைதானம் ஏன் கிடைப்பதில்லை?

இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரின் கால்பந்துக் கிளப் மைதானத்தை இழந்துவிட்டது, இனி பக்கத்து ஊரில்தான் அதன் சொந்த ஊர் ஆட்டங்கள் நடக்கும் என்று அவ்வப்போது செய்தி வரும். இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். "பழைய மைதானத்தை வித்த காசு எங்கே போச்சு? அதுல புதுசு கட்ட வேண்டியதுதானே?" என்பது ஒன்று. "ஒரு புல்தரை, ரெண்டு கோல் போஸ்ட். இதுக்கு இத்தனை வருஷமா?" என்பது இன்னொன்று.

கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் இரண்டுமே ஒரு விஷயத்தைத் தவறாகப் பிடித்துக்கொள்கின்றன. மைதானம் என்பது கட்டடம், காசிருந்தால் கட்டிவிடலாம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் அனுமதி. அந்த அனுமதியை இழப்பது சுலபம், திரும்பப் பெற ஒரு தலைமுறை ஆகலாம். லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில் மெய்ட்ஸ்டோன் யுனைடெட், டார்ட்ஃபர்ட் என்று இரண்டு கிளப்புகள். ஒன்று மைதானத்தை விற்றது, இரண்டு கிளப்புகளும் வீதிக்கு வந்தன. அந்தக் கதையை வைத்தே இந்தச் சிக்கல் முழுவதையும் பார்த்துவிடலாம்.

நான்-லீக் என்பது எது

முதலில் அடுக்கைப் புரிந்துகொள்வோம். மேலே பிரீமியர் லீக், 20 அணிகள். அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் 72 அணிகள். இவற்றை நடத்துவது ஈ.எஃப்.எல். என்ற அமைப்பு. இந்த 92 அணிகளுக்குக் கீழே உள்ள எல்லாமே நான்-லீக். லீக்கே இல்லாத கால்பந்து என்று இதற்குப் பொருள் இல்லை. ஐந்தாவது படியில் உள்ள நேஷனல் லீக்கில் தொடங்கி, மாவட்ட லீக்குகள்வரை படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். ஜெயித்தால் ஒரு படி மேலே, தோற்றால் ஒரு படி கீழே.

ஐந்தாவது படியில் முழுநேரத் தொழில்முறை வீரர்கள் இருப்பார்கள், ஆயிரக்கணக்கில் கூட்டமும் வரும். எட்டு, ஒன்பதாம் படிகளுக்கு இறங்கினால் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஆடுகிறவர்கள், இருநூறு முன்னூறு ரசிகர்கள். பெரிய கிளப்புகளுக்குத் தொலைக்காட்சிப் பணம் கொட்டுகிறது. இவர்களுக்கு வருமானம் டிக்கெட், மதுக்கூடம், தேநீர்க் கடை, வார நாட்களில் மைதானத்தையும் கிளப் மண்டபத்தையும் வாடகைக்கு விடுவது, அவ்வளவுதான். எல்லாமே மைதானத்தில் இருந்து வருபவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காலடி மண்ணின் விலை

இந்தக் கணக்கு நம் ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பைபாஸ் ஓரமாக இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. நெல் விளைகிறவரை அதற்கு ஒரு விலை. டி.டி.சி.பி. அப்ரூவல் வாங்கி, கல் நட்டு, மனையாகப் பிரித்துவிட்டால் அதே மண்ணுக்கு வேறு விலை. மண் அப்படியேதான் இருக்கிறது. அதில் என்ன செய்யலாம் என்று சொல்லும் காகிதம்தான் மாறியிருக்கிறது.

இங்கிலாந்தில் இந்தக் காகிதத்தின் பெயர் திட்ட அனுமதி. 1947-ல் வந்த நகர, ஊரகத் திட்டச் சட்டத்துக்குப் பிறகு, நிலம் உங்களுடையது என்பதாலேயே அதில் கட்டும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. என்ன கட்டலாம், நிலத்தின் பயன்பாட்டை மாற்றலாமா என்பதை உள்ளூர் கவுன்சில்தான் முடிவு செய்யும். விளையாட்டுத் திடலாக மட்டும் பயன்படும் நிலத்துக்கும், வீடு கட்ட அனுமதி உள்ள நிலத்துக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. லண்டன் சுற்றுவட்டாரத்தில் கேட்கவே வேண்டாம்.

இப்போது பழைய கிளப்புகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ பிறந்தவை. அன்றைக்கு ஊருக்கு வெளியே, ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் கிடைத்த வயலைப் பிடித்தார்கள். அப்புறம் ஊர் வளர்ந்து அந்த வயலைச் சுற்றி வளைத்துக்கொண்டது. 1980-களில் சூப்பர்மார்க்கெட் நிறுவனங்களும் பெரிய கடைகளும் ஊர் நடுவே பெரிய மனை தேடியபோது, பழுதான மரக் கேலரியும் கடன் சுமையுமாக இந்த மைதானங்கள் கண்ணில் பட்டன. லண்டனின் வடமேற்கே வீல்ட்ஸ்டோன் கிளப்பின் லோயர் மீட் மைதானம் 1991-ல் கைமாறியது. அங்கே டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் வந்தது. வீல்ட்ஸ்டோன் சாதாரணக் கிளப் அல்ல. 1985-ல் நான்-லீக்கின் தலைமை லீக்கையும், நான்-லீக் கிளப்புகளுக்கான கோப்பையான எஃப்.ஏ. டிராபியையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் அணி. ஆறே வருடத்தில் வீடில்லாமல் போனார்கள். நிலையான இடம் கிடைக்க 2008 ஆனது.

அந்தக் காலத்தில் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 1985 மே மாதம் பிராட்ஃபர்டில் மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அதன்பின் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. தேவையான விதிகள்தான், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் பழைய கேலரியைப் பழுது பார்க்கக் காசில்லாத கிளப்புகளுக்கு, அதுவரை தள்ளிப்போட்ட செலவெல்லாம் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: மைதானத்தின் மேல் நடக்கும் ஆட்டத்தைவிட அதன் கீழே உள்ள மண்ணுக்கு மதிப்பு அதிகம். கடன் வந்தால் முதலில் கண்ணில் படுவதும் அந்த மண்தான்.

ஒரு விற்பனை, இரண்டு கிளப்புகள்

மெய்ட்ஸ்டோன் யுனைடெட்டின் மைதானம் லண்டன் ரோடு. 1988-ல் அதை எம்.எஃப்.ஐ. என்ற மரச்சாமான் நிறுவனத்துக்கு விற்றார்கள். வேறு இடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அதுவரை சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, டார்ட்ஃபர்டின் வாட்லிங் ஸ்ட்ரீட் மைதானத்தில் ஆடுவதாக ஏற்பாடு.

அடுத்த ஆண்டே அணி கான்ஃபரன்ஸ் லீக்கை வென்றது. இன்றைய நேஷனல் லீக்கின் அன்றைய பெயர் அது. வரலாற்றில் முதல் முறையாக மேலே உள்ள 92 கிளப்புகளில் ஒன்றானது. சொந்த ஊரில் மைதானம் இல்லாத ஒரு கிளப், ஊரின் பெருங்கனவை இன்னொரு ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தது. மேல் லீக்கின் தரத்துக்கு வாட்லிங் ஸ்ட்ரீட்டைக் கொண்டுவர அங்கேயும் பணம் போட வேண்டியிருந்தது. அதாவது தன் காசில் அடுத்தவர் மைதானத்தைச் செப்பனிட்டார்கள். முதல் பருவம் நன்றாகவே போனது. 1990-ல் பிளே-ஆஃப் அரையிறுதிவரை வந்தார்கள். பிளே-ஆஃப் என்பது கடைசி ஏற்ற இடத்துக்காக மேல்வரிசை அணிகள் தங்களுக்குள் ஆடும் ஆட்டங்கள். அதன்பிறகு சரிவுதான்.

புது மைதானத்துக்கு மெய்ட்ஸ்டோன் அருகே நிலம் வாங்கினார்கள். திட்ட அனுமதி கிடைக்கவில்லை. "விற்ற காசு எங்கே?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. காசு இருந்தபோது நிலம் வாங்கினார்கள். அனுமதி இல்லாததால் அந்த நிலம் வெறும் வயல். வாடகை, பராமரிப்பு, மேல் லீக்கின் சம்பளம் என்று செலவு மட்டும் மாதா மாதம் ஓடியது. சொந்த ஊர்க்காரர் வாராவாரம் இன்னொரு ஊருக்குப் பயணம் செய்ய வேண்டியிருந்ததால் கூட்டமும் வரவில்லை. 1992 ஆகஸ்டில், பருவம் தொடங்கும் நேரத்தில், மெய்ட்ஸ்டோன் லீக்கில் இருந்தே விலகியது.

இடி அத்துடன் நிற்கவில்லை. இரண்டு கிளப்புகளின் கணக்குகளும் வாட்லிங் ஸ்ட்ரீட்டில் பின்னிக் கிடந்தன. மெய்ட்ஸ்டோன் விழுந்ததும், 1921 முதல் டார்ட்ஃபர்டின் வீடாக இருந்த அந்த மைதானமும் கடனுக்காக விற்பனைக்குப் போனது. 1992-93 பருவத்தின் சில ஆட்டங்களிலேயே டார்ட்ஃபர்டும் தன் லீக்கைக் கைவிட்டது. இடம் கொடுத்தவனும் தெருவில் நின்றான்.

இரண்டு கிளப்புகளையும் ரசிகர்கள்தான் மறுபடி கூட்டி எழுப்பினார்கள். மெய்ட்ஸ்டோன் கென்ட் மாவட்ட லீக்கின் அடிமட்ட டிவிஷனில் தொடங்கியது. டார்ட்ஃபர்ட் வெவ்வேறு கிளப்புகளின் மைதானங்களில் மாறிமாறி ஆடியது; ஒரு கட்டத்தில் தேம்ஸ் ஆற்றைக் கடந்து எஸ்ஸெக்ஸ் பக்கம் போய் "சொந்த ஊர்" ஆட்டம் ஆடினார்கள். டார்ட்ஃபர்ட் சொந்த ஊருக்குத் திரும்பியது 2006-ல். மெய்ட்ஸ்டோனுக்கு 2012 ஆனது. லண்டன் ரோட்டை விட்டு 24 ஆண்டுகள்.

"கிளப்புடைய மைதானம்" என்றால் யாருடையது?

ரசிகர்களே பலர் குழம்பும் இடம் இது. கிளப் என்று நாம் சொல்வது காகிதத்தில் ஒரே ஆளாக இருக்காது. அணியை நடத்த ஒரு கம்பெனி, நிலத்தை வைத்திருக்க வேறொரு கம்பெனி என்று பிரிந்திருக்கும். பல ஊர்களில் நிலம் கவுன்சிலுடையது. கிளப்புக்குக் குத்தகை மட்டும். குத்தகையில்கூட வகை உண்டு. நீண்டகாலக் குத்தகை என்றால் ஏறக்குறைய சொந்தம் மாதிரி. ஆடிக்கொள்ள அனுமதி மட்டும் என்றால் குறுகிய அறிவிப்பில் காலி செய்யச் சொல்லலாம்.

தெற்கு லண்டனின் டல்விச் ஹாம்லெட் இதற்கு நல்ல உதாரணம். அவர்களின் சாம்பியன் ஹில் மைதானம் இருந்த நிலம் 2014-ல் மெடோ ரெசிடென்ஷியல் என்ற வீடு கட்டும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. வீடுகள் கட்டும் திட்டத்துக்கு சதர்க் கவுன்சிலின் அனுமதி கிடைக்கவில்லை, தகராறு முற்றியது. 2018 மார்ச்சில் கிளப் வெளியேற்றப்பட்டது. கூடவே "டல்விச் ஹாம்லெட்" என்ற பெயரை வணிகச் சின்னமாக வேறொருவர் பதிவு செய்திருப்பதாகவும், அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் ஒரு கடிதம் வந்தது. நூறாண்டு தாண்டிய கிளப்பைப் பார்த்து, உன் பெயரை நீ சொல்லாதே என்கிறார்கள்! எதிர்ப்பு பெரிதாகி, அரசியல்வாதிகளும் தலையிட்டபின் பெயர் திரும்பியது. அந்த ஆண்டு டிசம்பரில் மைதானத்துக்கும் திரும்பினார்கள். இவ்வளவு சீக்கிரம் திரும்புவது அபூர்வம்.

இங்கே பரவலாக இருக்கும் இன்னொரு தப்பெண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின்படி ஊர் மக்கள் ஒரு மைதானத்தை, மதுக்கூடத்தை, நூலகத்தை "சமூக மதிப்புள்ள சொத்து" என்று கவுன்சிலின் பட்டியலில் சேர்க்கக் கேட்கலாம். சேர்த்துவிட்டால் மைதானம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று பலர் கொண்டாடுவார்கள். அந்தப் பட்டியல் தருவது கால அவகாசம் மட்டுமே. உரிமையாளர் விற்க முனையும்போது ஊரார் வாங்க விருப்பம் தெரிவித்தால், பணம் திரட்ட ஆறு மாதம் கிடைக்கும். அதன்பின் உரிமையாளர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஊராருக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விதிப்புத்தகத்தின் அளவுகோல்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம்: ஒரு புல்தரை போதாதா? போதாது. ஒவ்வொரு படிக்கும் மைதானத் தரநிலை என்று ஒரு பட்டியல் உண்டு. மின்விளக்குகளின் வெளிச்ச அளவு, எத்தனை பேர் நிற்கலாம், கூரையின் கீழ் எத்தனை இருக்கைகள், உடைமாற்றும் அறையின் பரப்பு, நடுவருக்குத் தனி அறை, ஆடுகளத்தைச் சுற்றித் தடுப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். படி ஏற ஏற பட்டியல் நீளும். குறிப்பிட்ட தேதிக்குள் முடித்திருக்க வேண்டும். ஜெயித்த பிறகு கட்டுகிறேன் என்று சொல்ல முடியாது.

இந்த விதி எவ்வளவு இரக்கமற்றது என்பதற்கு 1990-களின் நடுவில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சாட்சி. 1994-ல் கிட்டர்மின்ஸ்டர், 1995-ல் மேக்கிள்ஸ்ஃபீல்ட், 1996-ல் ஸ்டீவனேஜ். மூன்றும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள். மூன்றுக்கும் மைதானத்தைக் காரணம் காட்டி மேல் லீக்கின் கதவு சாத்தப்பட்டது. மேக்கிள்ஸ்ஃபீல்டின் விஷயம் வேடிக்கை. அதே மைதானத்தில்தான் சில வருடங்களுக்கு முன்பு, வீடில்லாமல் வந்த செஸ்டர் கிளப் மேல் லீக்கின் ஆட்டங்களையே ஆடியிருந்தது.

விதி அப்படியிருக்க, பெரிதாகக் கட்டிவிட்டால் பிரச்சினை தீருமா? டார்லிங்டனைக் கேளுங்கள். 2003-ல் பழைய ஃபீத்தம்ஸை விட்டு 25,000 இருக்கைகள் கொண்ட பிரம்மாண்ட அரங்குக்குப் போனார்கள். வந்த கூட்டம் சில ஆயிரம். பராமரிப்புச் செலவு கிளப்பைத் தின்றது. பலமுறை திவால் நடவடிக்கை. 2012-ல் கிளப் புதிதாகத் தொடங்க வேண்டியதாகி, ஐந்தாம் படியில் இருந்து ஒன்பதாம் படியில் போய் விழுந்தது. சில ஆண்டுகள் பிஷப் ஆக்லண்டில் குடியிருந்துவிட்டு, 2016-ல் ஊருக்குள் ஒரு ரக்பி மைதானத்துக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே ஆறாம் படியில் பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றார்கள். ஆட விடவில்லை. கூரையின் கீழ் 500 இருக்கைகள் இல்லையாம்! ஒரு காலத்தில் 25,000 இருக்கைகளால் செத்த கிளப், 500 இல்லாமல் நின்றது. இந்தக் கதையில் யார் தப்பு என்று என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. ஆனால் தேவைக்கு ஏற்ற அளவில் மைதானம் கட்டுவது எத்தனை கஷ்டம் என்று இது காட்டிவிடுகிறது.

அடுத்தவர் வீட்டில் குடித்தனம்

மைதானம் இழந்த கிளப் லீக்கில் நீடிக்க ஒரே வழி மைதானப் பகிர்வு: இன்னொரு கிளப்பின் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடுவது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ஏற்பாடு. அவர்கள் வெளியூர் போகும் சனிக்கிழமை நாம் ஆடிக்கொள்ளலாம்.

ஆட்ட நாளில் என்ன நடக்கும் என்று பாருங்கள். வாசலில் வீட்டுக்காரக் கிளப்பின் பெயர்ப் பலகை. வேலியில் குடியிருப்பவர்கள் கட்டும் துணிப் பதாகையை ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். மதுக்கூடத்தின் கல்லாப்பெட்டி பொதுவாக வீட்டுக்காரருடையது. கூட்டம் குடித்துச் சாப்பிட்டாலும் அந்தக் காசு குடியிருக்கும் கிளப்புக்கு வராது. சுற்றுவேலியில் விளம்பரம் செய்ய உள்ளூர் கடைக்காரர் யோசிப்பார்: என் வாடிக்கையாளர் பதினைந்து மைல் தள்ளி இந்த ஊரிலா இருக்கிறார்? குளிர்கால மழையில் களம் சேறானால், மிச்சமிருக்கும் புல் யாருக்கு என்பதில் வீட்டுக்காரருக்குத்தான் முன்னுரிமை. முதலில் ஒரு தேநீருக்காக வருகிறவர்கள் வருவதை நிறுத்துவார்கள், அப்புறம் பேரனை அழைத்து வரும் தாத்தாக்களும் வரமாட்டார்கள். முன்பே சொன்ன அந்த வருமான வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். வாடகை மட்டும் தவறாமல் போகும்.

தூரமும் சாதாரணமாக இருக்காது. கார்ன்வாலின் ட்ரூரோ சிட்டி தன் பழைய மைதானத்தை விட்டபின் பல இடங்களில் ஆடியது. 2024-ன் தொடக்கத்தில் அவர்களின் சொந்த ஊர் ஆட்டங்கள் நடந்தது குளோஸ்டரில், சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி. அந்தக் குளோஸ்டர் சிட்டியே 2007 வெள்ளத்தில் மைதானத்தை இழந்து, 13 ஆண்டுகள் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு 2020-ல்தான் பழைய இடத்துக்கு வந்த கிளப்.

இந்தச் சங்கிலியில் மனதை உறுத்துவது கிங்ஸ்டோனியன் கதைதான். 1885-ல் பிறந்த கிளப். 1999, 2000 இரண்டு ஆண்டும் எஃப்.ஏ. டிராபி வென்றார்கள். 2001-ல் திவால் நிலை. அவர்கள் கட்டிய கிங்ஸ்மெடோ மைதானம் கைமாறி, கடைசியில் ஏ.எஃப்.சி. விம்பிள்டனிடம் வந்தது. விம்பிள்டனும் பாவப்பட்ட கதைதான். அவர்களின் கிளப்பை 2002-ல் மில்டன் கீன்ஸ் ஊருக்கு இடம்மாற்ற அனுமதி கொடுத்தபோது, ரசிகர்கள் அடிமட்டத்தில் இருந்து தொடங்கிய அணி அது. கிங்ஸ்டோனியன் அங்கேயே குடியிருந்தது. விம்பிள்டன் தன் பழைய இடமான பிளவ் லேன் தெருவில் புது அரங்கு கட்டப் பணம் வேண்டி கிங்ஸ்மெடோவை செல்சிக்கு விற்றது. 2017-ல் கிங்ஸ்டோனியன் வெளியேறியது. அதன்பின் ஊர் ஊராகக் குடியிருப்பு. 2020-ல் விம்பிள்டன் வீடு திரும்பியதை எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். அந்தக் கொண்டாட்டத்தின் ரசீதில் கிங்ஸ்டோனியன் பெயரும் இருக்கிறது.

சுருக்கமாக: பகிர்வு உயிரைக் காப்பாற்றும், ஆனால் சேமிக்க விடாது. சேமிப்பு இல்லாமல் புது மைதானம் இல்லை. வருடங்கள் இருபது ஆகிவிடுவது இப்படித்தான்.

புது இடம் ஏன் அமைவதில்லை

நிலம் தேடும் கிளப்புக்கு முன்னால் இரண்டு வகை இடங்கள்தான். ஊருக்குள் உள்ள இடம், வீட்டுமனை விலை. கிளப்பால் வாங்கவே முடியாது. ஊருக்கு வெளியே உள்ள இடம் மலிவு. ஏன் மலிவு? அங்கே கட்ட அனுமதி இல்லை, அதனால்தான். பழைய மைதானத்தை விற்கத் தூண்டிய அதே முறைதான் புதியதைத் தடுக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

லண்டன் போன்ற நகரங்களைச் சுற்றி பசுமை வளையம் என்று ஒரு பட்டை உண்டு: நகரம் பரந்துகொண்டே போகாமல் இருக்க, கட்டடங்களுக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள நிலம். அங்கே திறந்தவெளி விளையாட்டுக்குத் தடை இல்லை. பந்தை உதைக்கலாம். ஆனால் கேலரி, மின்விளக்குக் கம்பம், மதுக்கூடம், கார் நிறுத்தம் என்று விதிப்புத்தகம் கேட்பதையெல்லாம் வைத்தால் "திறந்தவெளி கெடுகிறது" என்ற வாதம் வரும். ஒரு அமைப்பு "இதெல்லாம் இருந்தே ஆக வேண்டும்" என்கிறது. இன்னொன்று "இதெல்லாம் கூடாது" என்கிறது. கிளப் நடுவில்.

அப்புறம் அக்கம்பக்கத்தார். இவர்களை வில்லன்களாகக் காட்டுவது சுலபம். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்குப் படுக்கையறை ஜன்னலில் மின்விளக்கு வெளிச்சம் விழுமா, சனிக்கிழமை தெருவில் கார் நிறுத்த இடம் இருக்குமா என்று கேட்பவர்களுக்கு அது நியாயமான கவலைதான். மான்செஸ்டரில் ரசிகர்களே நடத்தும் எஃப்.சி. யுனைடெட் கிளப்புக்கு ஒதுக்கியிருந்த முதல் இடம் 2011-ல் கை நழுவியது. மாஸ்டன் பகுதியில் இரண்டாவது இடம் கிடைத்தபோது அங்கும் சிலர் எதிர்த்தார்கள்.

கட்டி முடித்தவர்கள் எப்படிக் கட்டினார்கள்

கட்டியவர்களைப் பார்த்தால் மூன்று பாதைகள் தெரிகின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

டார்ட்ஃபர்டுக்குக் கட்டித் தந்தது உள்ளூர் கவுன்சில். 2006 நவம்பரில் திறந்த பிரின்சஸ் பார்க் மைதானத்தை நேரில் பார்த்தால் எதிர்ப்பை எப்படிச் சமாளித்தார்கள் என்று புரிந்துவிடும். களத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கியிருக்கிறார்கள், சத்தமும் வெளிச்சமும் வீடுகளுக்குப் போவது குறையும். கூரையில் செடி வளர்கிறது. கட்டுமானத்தில் மரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மழைநீரைச் சேமிக்கிறார்கள். அழகான மைதானம், ஆனால் அது கவுன்சிலின் சொத்து, கிளப் அங்கே குடித்தனக்காரர். தனியாரிடம் இருப்பதைவிட இது பாதுகாப்பு என்பது என் எண்ணம், ஏனென்றால் கவுன்சிலருக்கு ஓட்டு வேண்டும்.

எஃப்.சி. யுனைடெட் சமூகப் பங்கு வழியில் போனது. ரசிகர்கள் பங்கு வாங்குவார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. சந்தையில் விற்று லாபம் பார்க்க முடியாது. இப்படி 20 லட்சம் பவுண்டு அளவுக்குத் திரட்டி, மீதியை மானியமும் கடனுமாகச் சேர்த்து, 2015-ல் பிராட்ஹர்ஸ்ட் பார்க்கைத் திறந்தார்கள். உரிமை ரசிகர்களிடம் இருப்பது நல்லதுதான். கட்டிய கடனை அடைப்பதும் அவர்களேதான்.

மூன்றாவது வழி, மைதானத்தோடு சேர்த்து வீடுகளும் கட்டி, வீடு விற்ற பணத்தில் மைதானம் எழுப்புவது. 1860-ல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் கிரே வாண்டரர்ஸ் இப்படித்தான் கரை சேர்ந்தது. 1998 முதல் பிராம்லி கிளப்பின் ஹேய்ஸ் லேன் மைதானத்தில் குடியிருந்தவர்கள், பசுமை வளையத்தில் ஃப்ளமிங்கோ பார்க் என்ற இடத்தில் அனுமதி வாங்கி, 2024-ல் சொந்த மைதானத்துக்குப் போனார்கள். குடியிருந்தது கால் நூற்றாண்டுக்கு மேல்.

செயற்கைப் புல் என்ற கடைசி முடிச்சு

2012-ல் மெய்ட்ஸ்டோன் ஊருக்குள் திரும்பியபோது, ஆற்றோரம் கட்டிய சின்ன மைதானத்தில் இயற்கைப் புல் போடவில்லை. 3ஜி எனப்படும் செயற்கைத் தரை, இழைகளுக்கு நடுவே ரப்பர்த் துகள் நிரப்பியது. புல்தரையில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் ஆட முடியும். இதில் காலை முதல் இரவுவரை ஆடலாம். பள்ளிகள், சிறுவர் அணிகள், வாடகைக்கு எடுப்பவர்கள் என்று தினமும் வருமானம். மைதானம் சனிக்கிழமை மட்டும் சம்பாதிக்கும் நிலை மாறியது. ஊரில் ஆயிரக்கணக்கில் கூட்டமும் திரும்பியது. 2024 ஜனவரியில் ஆறாம் படியில் இருந்த இந்த அணி, எல்லாப் படி அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில், இரண்டாம் படியில் இருந்த இப்ஸ்விச் டவுனை அதன் மைதானத்திலேயே 2-1 என்று வென்றது.

ஆனால் ஈ.எஃப்.எல். செயற்கைத் தரையை ஏற்பதில்லை. மெய்ட்ஸ்டோன் ஏறி வந்த நாட்களில் கான்ஃபரன்ஸும் ஏற்கவில்லை. அங்கே விதி 2015-ல்தான் மாறியது, அந்த ஆண்டே மெய்ட்ஸ்டோன் உள்ளே வந்தது. 2021-ல் மேல் லீக்குக்குப் போன சட்டன் யுனைடெட் தன் செயற்கைத் தரையைப் பிடுங்கிவிட்டுப் புல் விதைக்க வேண்டியிருந்தது. 2024-ல் பிராம்லியும் அதையே செய்தது. ஆம், கிரே வாண்டரர்ஸ் குடியிருந்த அதே ஹேய்ஸ் லேன். மெய்ட்ஸ்டோன் மறுபடி 92-க்குள் நுழைந்தால், இருபத்து நான்கு வருடம் கழித்துக் கிடைத்த வீட்டின் வாடகையைக் கட்டுகிற அந்தத் தரையைத்தான் முதலில் பெயர்க்க வேண்டியிருக்கும்.